சஹனில் என் பங்கை யார் சாப்பிடுவது?

மன்னார்,
2024 ஆகஸ்ட் 25.

பேரன்புள்ள நுஸ்ரியா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி வஸீர் எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே றம்லாவும் மகள் இர்ஷானாவும் நல்ல சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அந்தச் சுகம் எந்த மாதிரியான சுகம் என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். புத்தளத்தில் உங்களுடைய முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்றும், பவ்ஸான் மச்சானுடைய சாப்பாட்டு ஆசை குறையாமல் இருக்கும் என்றும் நம்புகிறேன். மச்சானுடையது கொஞ்சமாவது குறைந்திருந்தால் உடனே அறியத் தரவும். காரணம் பின்னால் வரும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் யாரடா கடிதம் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். ராத்தா, நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, குசினி யன்னலில் சாய்த்து வைத்துவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டு கதைக்கிற ஆள். போன வருடம் எனக்கு மூல வருத்தம் என்று உங்களிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் உங்கள் ஒழுங்கையில் இருந்து மூன்று பேர் எனக்கு மருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒருவர் யாரென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆகவே இதைக் கதவைப் பூட்டிவிட்டுத் தனியே இருந்து படியுங்கோ. படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கோ. முக்கியமாக, முஹைதீன் ஹாஜியாருடைய ஆட்கள் யாருடைய கண்ணிலும் இது படக்கூடாது. பட்டால் இர்ஷானாவுடைய கலியாணம் அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். நோன்புப் பெருநாள் கழித்துக் கொழும்பில் நான் செய்துகொண்டது ஹேர்னியா ஒப்பரேஷன் இல்லை. என்னுடைய இரைப்பையை வெட்டி எடுத்துவிட்டார்கள். பதற வேண்டாம், முழுவதும் இல்லை, முக்கால்வாசிதான். மிச்சம் விட்டிருப்பது ஒரு கோழிக்கூட்டு வாழைப்பழம் அளவு. உடம்பைக் குறைப்பதற்கென்றே செய்கிற ஒப்பரேஷன் அது. நானேதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நூற்று முப்பத்தெட்டுக் கிலோவில் போனேன், இன்றைக்கு நூற்றிரண்டு.

ஏனடா இப்படிச் செய்தாய் என்று இப்போது நீங்கள் நெஞ்சில் கை வைத்திருப்பீர்கள். மாசி மாதம் இர்ஷானாவுக்குப் பேசி முடித்த நாளை நினைத்துப் பாருங்கோ. பாயில் ஆறு பேர், எல்லாருக்கும் சேர்த்துச் சோறு வைத்த ஒரு பெரிய சஹன் தட்டைச் சுற்றி இருந்தோம். மாப்பிள்ளை ஷிராஸுடைய வாப்பா முஹைதீன் ஹாஜியார் எனக்கு நேர் எதிரே. மற்ற நாலு பேரும் கையை எடுத்த பிறகும் நானும் ஹாஜியாரும் விடவில்லை. பீங்கானின் பூ தெரிகிற வரைக்கும் சாப்பிட்டோம். அப்போது அவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னாரே, "சம்பந்தி வீட்டாரோட கூச்சமில்லாமச் சாப்பிடுற மனிசன்ட மனசில கள்ளம் இராது. இந்த வீட்டில பொண்ணெடுக்க எனக்கு வேற விசாரணை தேவையில்லை" என்று. அவருடைய ஊரான முசலிப் பக்கத்தில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது பெண்கள் பக்கம் இருந்த உங்களுக்குத் தெரியாது. எனக்குப் பாயில் இருந்து எழும்ப ஏலவில்லை. மூன்று பேர் பிடித்து இழுத்தார்கள். ஒருவருடைய சாரம் அவிழ்ந்தது, எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரைக்குப் பின்னால் நின்ற இர்ஷானா மட்டும் சிரிக்கவில்லை, உள்ளே போய் அழுதிருக்கிறாள். அடுத்த கிழமை டொக்டர் என்னுடைய ரிப்போட்டைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் பேரப்பிள்ளையை நீங்கள் தூக்குவது சந்தேகம் என்றார். ராத்தா, எனக்கு உண்மையாகவே பயம் பிடித்துவிட்டது.

ஊருக்குச் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நான் அரிசிக்கடைக்காரன். அடம்பன் அரிசி மூட்டைக்கு நடுவில் இருந்து வியாபாரம் செய்கிறவன், வாயைக் கட்ட ஏலாமல் வயிற்றை வெட்டினான் என்று சந்தையில் கதைப்பார்கள். உங்களுக்குச் சொல்லாததற்குக் காரணம், சொல்லியிருந்தால் நீங்கள் அழுதுகொண்டே அடுத்த பஸ்ஸில் ஒரு சட்டி இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்திறங்கியிருப்பீர்கள். இல்லையென்று சொல்லுங்கோ பார்ப்போம்!

ஒப்பரேஷன் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை ராத்தா, நித்திரையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற சீவியம்தான் பெரிய விஷயம், அதை ஒருவரும் எனக்கு விளங்கப்படுத்தவில்லை, அல்லது விளங்கப்படுத்தினார்கள், நான் அப்போது பசியில் இருந்ததால் காதில் விழவில்லை. முதல் இரண்டு கிழமை வெறும் தண்ணீரும் சூப்பும், அதுவும் கரண்டி கரண்டியாக, ஒரு பிளேன்டீ குடித்து முடிக்க முக்கால் மணித்தியாலம், அதற்குள் அது ஆறி, ஈ விழுந்து, வேறு ஊற்றி, பிறகு அரைத்த சாப்பாடு, பல் முளைக்காத பிள்ளைக்குக் கொடுப்பதுபோல, பிறகு அவித்த முட்டையில் பாதி, மீனில் ஒரு துண்டு, சோறு என்றால் மூன்று பிடி, நாலாவது பிடி உள்ளே போனால் அது போன வழியாலேயே திரும்பி வரும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக்கூடாது, தண்ணீர் குடித்தால் அரை மணித்தியாலம் சாப்பிடக்கூடாது, ஐந்து நேரத் தொழுகைக்கு நடுவில் ஆறு நேரச் சாப்பாடும் எட்டு நேரத் தண்ணீரும் வைத்து நான் மணிக்கூட்டைப் பார்த்தபடியே திரிகிறேன். ஒவ்வொரு வாயையும் இருபத்தைந்து தரம் மெல்ல வேண்டும். றம்லா முன்னால் இருந்து எண்ணுகிறாள், பதினெட்டில் யாராவது வாசலில் கூப்பிட்டால் எண்ணிக்கை தவறிப்போய்த் திரும்பவும் ஒன்றில் இருந்து மெல்லச் சொல்கிறாள், வாயில் ஒன்றும் இல்லையென்று சொன்னாலும் விடுகிறாள் இல்லை. தலைமயிர் கொட்டுகிறது. குளிர்கிறது ராத்தா, ஆகஸ்ட் மாத மன்னாரில், ரோட்டில் கழுதையே நிழல் தேடி நிற்கிற வெயிலில், நான் ஃபேனை நிற்பாட்டிவிட்டுக் கம்பிளிச் சட்டையோடு கடையில் இருக்கிறேன். அரசாங்கக் கச்சேரியில் ஒரு அலுவலுக்கு அடையாள அட்டையை நீட்டினால் அங்கிருந்த பிள்ளை அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில இருக்கிறவர்தான் வரவேணும்" என்கிறாள். நான்தான் பிள்ளை அவர் என்று சொல்லும்போது எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

முன்வீட்டில் வாடகைக்கு இருக்கிற தோட்டவெளிப் பிள்ளை ஜெனிற்றா ஒரு நேர்ஸ். வீட்டாரைத் தவிர இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். "அங்கிள், வயித்துக்குப் பசிக்குதோ, மண்டைக்குப் பசிக்குதோ எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ" என்று நெடுகச் சொல்வாள். யோசித்துப் பார்த்தேன். வயிறு மூன்று பிடியில் போதும் என்கிறது. மண்டைக்குள் இருக்கிற பழைய வஸீர் மட்டும் கோழிப் பொரியலைக் கண்டால் இன்னும் எழும்பி உட்காருகிறார். சில நேரம் அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் நல்ல ஆள், எல்லாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. இப்போது இருக்கிற ஆளை யாருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

இனி ஊர்க் கதைக்கு வாறன். ஹேர்னியா வெட்டினவன் ஏன் இப்படி வற்றிப்போனான் என்று ஊர் யோசிக்குமா இல்லையா? யோசித்தது. என் சட்டைகளை நாலாவது தரம் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது தையல்கார நல்லையா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என்னையே பார்த்தார். அவருடைய ஆட்கள் மலைநாட்டில் இருந்து வந்து குடியேறியவர்கள், மனசு இளகின மனிதர். "மொதலாளி, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மடு மாதாவுக்கு ஒங்க பேருல மெழுகுதிரி வச்சிருக்கேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்குப் புற்றுநோய் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அதற்கு முன்பே கடை வீதி முடிவு கட்டியிருந்தது. அது முசலிக்குப் போக எத்தனை நாள் எடுக்கும்?

ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து மூன்றாம் நாள் ஹாஜியார் வீட்டுக்கு வந்தார். கையில் தொதல். சம்பந்தி தன் கையால் எடுத்து வாயருகே நீட்டினால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒன்று சாப்பிட்டேன். இன்னொன்று ஊட்டினார், அதையும் சாப்பிட்டேன். பத்து நிமிடம் போகவில்லை ராத்தா, வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடவென்று அடித்து, கை நடுங்கி, ஹோலின் நடுவில் வெறும் சீமெந்து நிலத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். வெட்டின வயிற்றுக்கு இனிப்புப் போனால் இப்படித்தான் தூக்கி அடிக்கும், ஒரு மணித்தியாலத்தில் தானாகத் தெளியும் என்று ஜெனிற்றா பிறகு சொன்னாள். அது ஹாஜியாருக்குத் தெரியுமா? அவர் என் தலைமாட்டில் இருந்து, சாகக்கிடக்கிறவருக்கு ஓதுகிற யாசீனை ஓதத் தொடங்கிவிட்டார். றம்லாவிடம் மக்கத்து ஸம்ஸம் தண்ணீர் கேட்டு வாங்கி என் வாயில் விட்டார். சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை, குடிக்கக்கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், திறந்த வாயில் இன்னும் கொஞ்சம் விட்டார்.

மறுநாள் போன் வந்தது. கார்த்திகையில் வைத்த கலியாணத்தைச் செப்டம்பர் ஏழாம் திகதிக்கு முற்படுத்திவிட்டார். "நீங்க கண்ணால காணவேணும் சம்பந்தி" என்றார். பிறகு, "ஒண்டு மட்டும் கேக்கிறன். கலியாணத்தண்டு நானும் நீங்களும் ஒரே சஹனில இருக்கவேணும். அண்டைக்குச் சாப்பிட்ட மாதிரி ஒருக்காச் சாப்பிடவேணும். எனக்கு அது போதும்" என்றார். நான் "ஓம் சம்பந்தி, இன்ஷா அல்லாஹ்" என்றேன். வேறென்ன சொல்வது?

ராத்தா, இனித்தான் என் பயத்தைக் கேளுங்கோ. தட்டில் தனியாகச் சாப்பிடுகிறவன் சாப்பிட்டானா இல்லையா என்று ஒருவரும் பார்க்கப்போவதில்லை. சஹன் அப்படியில்லை. அவனவன் தனக்கு முன்னால் இருக்கிறதைத்தான் சாப்பிட வேண்டும். மற்ற ஐந்து பக்கமும் பள்ளமாகிப்போக என் பக்கம் மட்டும் மதில் கட்டினதுபோல நிற்கும். அதை ஹாஜியார் பார்ப்பார். நோயாளி என்று நினைத்தால் பரவாயில்லை, அதைத்தான் ஏற்கனவே நினைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு யாராவது உண்மையை அவிழ்த்துவிட்டால்? மனசில் கள்ளமில்லாத மனிதன் என்று சொல்லிப் பெண்ணெடுத்தவர், நாலு மாதமாக நான் பொய் சொன்னதை நிக்காஹ் பந்தலில் வைத்து அறிந்தால் என் பிள்ளையை எந்த முகத்தோடு கூட்டிக்கொண்டு போவார்? வாப்பா மறைத்ததுபோல மகளும் எதை மறைக்கிறாளோ என்று அங்கே நாலு பெண்கள் கதைக்கமாட்டார்களா? இர்ஷானா ஷிராஸோடு போனில் கதைக்கும்போது சிரிக்கிற சிரிப்பு எனக்குக் கடை வரைக்கும் கேட்கும். அது நின்றுபோனால் நான் மெலிந்து என்ன, மௌத்தாகி என்ன! அவளோ, "வாப்பா, உண்மையைச் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் சொல்லுவன்" என்று நிற்கிறாள். கலியாணம் முடியும் மட்டும் வாய் திறக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஒத்திகை பார்த்தோம். பள்ளியில் இருந்து அலுமினியச் சஹன் ஒன்றை இரவல் வாங்கி வந்து, றம்லா ஆக்கி, வீட்டாரும் ஜெனிற்றாவும் சட்டை கொண்டுவந்த நல்லையாவும் சுற்றி இருந்தோம். நான் பெரிதாகப் பிசைவது, பிசைந்ததை மெதுவாகப் பக்கத்து ஆளின் பக்கம் தள்ளுவது, அவர் அதைச் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடிப்பது, இதுதான் திட்டம். நல்லையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தள்ளத் தள்ள அவர் திருப்பித் தள்ளினார். "நீங்க சாப்பிடுங்க மொதலாளி, ஒங்க ஒடம்பு இருக்கிற இருப்புக்கு" என்று தன் பக்கத்து இறைச்சியையும் சேர்த்துத் தள்ளினார். கடைசியில் என் பக்கம் தொடங்கும்போது இருந்ததைவிட உயரமாகிவிட்டது. அலுத்துப்போய்ச் சஹனை வாசலில் வைத்தேன். ரோட்டில் நின்ற கழுதை வந்து தலையைப் போட்டது. நான் கத்த, அது துள்ள, பள்ளிச் சஹன் வளையம்போல நிமிர்ந்து ஒழுங்கையால் உருளத் தொடங்கியது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். சந்தி வரைக்கும் ஓடி, அங்கே நின்ற ஒரு வெள்ளை வானின் சில்லில் சஹன் முட்டி விழ, எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். பள்ளிச் சாமானைக் கழுதைக்கு விட்ட வெட்கத்தில் வானுக்குள் யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

ஆகவே ராத்தா, எனக்கு இருக்கிற ஒரே வழி பவ்ஸான் மச்சான். உங்கள் மூத்தவளுடைய கலியாணத்தில் தன் பக்கத்தையும் பக்கத்து மௌலவியின் பக்கத்தையும் ஒரு சத்தமும் இல்லாமல் முடித்த மனிதர் அவர். அவரை என் இடது பக்கத்தில் இருத்த வேண்டும். அப்போதுதான் அவருடைய வலது கை என் பக்கம் எட்டும். நல்லையாவை வலது பக்கம் இருத்தினது நான் விட்ட முதல் பிழை. மச்சானுக்குக் காரணத்தைப் பஸ் ஏறின பிறகு மட்டும் சொல்லுங்கோ. அன்று காலையில் அவருக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் ஏப்பம் விடக்கூடாது, "இன்னும் இருக்கோ" என்று கேட்கவும் கூடாது. நீங்கள் என்னைக் கண்டதும் ஒப்பாரி வைக்கக்கூடாது. தயவுசெய்து வட்டிலப்பம் வேண்டாம்.

பிள்ளைகள் எல்லாருக்கும் என் சலாம். மச்சானுக்கு விசேட சலாம். உங்கள் ஒவ்வொரு தொழுகையிலும் இர்ஷானாவுக்காக ஒரு துஆ, மிச்சம் இருந்தால் எனக்கும் ஒன்று.

இப்படிக்கு,
முன்பு இருந்ததில் முக்கால்வாசியான உங்கள் தம்பி,
வஸீர்.

பின்குறிப்பு: ராத்தா, மேலே எழுதினதில் பெரும்பகுதியை மறந்துவிடுங்கோ. உறையை ஒட்டப் போகும்போது வாசலில் வெள்ளை வான் வந்து நின்றது. இறங்கியவர் முஹைதீன் ஹாஜியார். கடிதத்தைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு எழும்பினேன். அவர் இருக்கவில்லை, என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை சந்தியில நீங்க ஓடினதை நான் வானுக்குள்ள இருந்து பாத்தனான். சாகப்போற மனிசன் அப்பிடி ஓடமாட்டான்" என்றார். நான் சாரத்துக்குள் இருந்த கடிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பிறகு கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார். "சம்பந்தி, எனக்கும் டொக்டர் தவணை சொல்லிட்டார். சீனி கூடிப்போச்சு, மூச்சு வாங்குது. நீங்க செய்த அந்த ஹேர்னியாவை எனக்கும் செய்விக்கவேணும்."

"உங்களுக்கு ஹேர்னியா இருக்கோ?"

"இல்லை. எப்பிடியாவது வரவைக்க ஏலாதோ?"

திரைக்குப் பின்னால் இர்ஷானா, "வாப்பா" என்றாள். ஒரு சொல்தான். சத்தியத்தை அவள் மீறவில்லை. நான் சொல்லிவிட்டேன் ராத்தா. வாயால் சொல்ல வெட்கமாக இருந்ததால் சாரத்தில் இருந்த இந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, அவர் எல்லாத்தையும் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், எந்த இடமென்று நான் எட்டிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனிசா, ரெண்டு மாசமா ஒவ்வொரு தொழுகையிலயும் உமக்கு ஆயுள் கேட்டு அழுதனான்" என்றார். "அந்த துஆ வீணாப்போகேல்ல சம்பந்தி" என்றேன்.

கலியாணத்தைப் பழைய திகதிக்கே மாற்றுவோமோ என்று அவர் கேட்டார். நான் வாய் திறக்க முதல் திரைக்குப் பின்னால் இருந்து "வேண்டாம்" என்று வந்தது. ஹாஜியார் சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அப்ப அண்டைக்குச் சஹனில உங்கட பங்கை உங்கட மச்சான்தானே சாப்பிடுறார்?" என்றார். ஓம் என்றேன். "டொக்டர் எனக்கும் சோத்தைக் குறைக்கச் சொன்னவர். அவரை நடுவில இருத்துங்கோ" என்றார்.

ஆகவே மச்சானை இரண்டு நாளைக்குப் பட்டினி போட்டு அனுப்புங்கோ. அவருக்காக வட்டிலப்பமும் கொண்டுவாங்கோ. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், நாளைக்குப் புத்தளத்தில் கலியாணம் சொல்லப்போகிற ஹாஜியாரே இதைக் கொண்டுவந்து உங்கள் கையில் தருவார். அவருக்குச் சீனி போடாத பிளேன்டீ மட்டும் கொடுங்கோ. படித்து முடித்ததும் எனக்குப் போன் எடுங்கோ ராத்தா. ஸ்பீக்கரிலேயே போடுங்கோ.